மேஸ்திரியின் காது

மேஸ்திரி என்ற பெயரை அந்த நாய்க்கு வைத்தது மாதவராஜ் அல்ல, தெரு. ஒரு வேலையும் செய்யாமல், மற்ற நாய்கள் ஓடுவதையும் குரைப்பதையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற நாய்க்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? அரூரில் ஏரிக்கரைக்குப் போகிற அந்தக் கடைசித் தெருவில் அது நடந்து வந்தால் சைக்கிள்கூட ஒதுங்கிப் போகும். பின்னால் மாதவராஜும் அதே நடை நடந்து வருவான். யார் யாரிடம் கற்றுக்கொண்டது என்பது மட்டும் தெருவில் தீராத வழக்கு.

மாதவராஜ் லாரி ஓட்டுகிறவன். சீசனில் புளி லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போனானென்றால் திரும்ப ஒரு வாரம் ஆகும். அதனால் நாய்க்குச் சொந்தக்காரன் அவன் என்றாலும் சோறு போடுகிறவள் அவன் மனைவி தீர்த்தம்மாள்தான். தெருமுனையில் அவளுக்கு ஓர் இட்லிக் கடை. காலையில் இட்லியும் குடல் குழம்பும். குழம்புக்காக வருகிறவர்கள் இட்லியையும் பொறுத்துக்கொள்வார்கள். "என் இட்லி கொஞ்சம் திடகாத்திரமாத்தான் இருக்கும். வண்டி பஞ்சர் ஆனா முட்டுக் குடுக்க ஆவும்" என்று அவளே சொல்லிக்கொண்டு பரிமாறுவாள். மிச்சமான இட்லியும் எலும்பும் தெரு நாய்களுக்கு.

அந்த நாய்களில் செவலை என்று ஒரு பெட்டை. வருஷத்துக்கு இரண்டு ஈடு குட்டி போடும். பாதிக் குட்டிகளைத் திருவண்ணாமலை பஸ் எடுத்துக்கொள்ளும், மீதியில் பாதியை மழை எடுத்துக்கொள்ளும். செத்த குட்டியைச் செவலை வாயில் கவ்விக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்கும். இதற்கு ஏதாவது செய்யேன் என்று கேட்கிற மாதிரி. தீர்த்தம்மாள் செய்தது என்னவோ, ஏரிக்கரையில் குழி தோண்டியதுதான். "வெட்டியான் வேலைக்கு எனக்கு ஆள் பழக்கம் இல்ல, நாய் பழக்கம்தான்" என்று சிரிப்பாள். ஆனால் அன்றைக்கெல்லாம் குழம்பில் உப்பு கூடிப்போகும்.

வெயில் ஏறத் தொடங்கிய மாசியில் செவலைக்கு மறுபடி பருவம் வந்தது. எங்கெங்கோ இருந்த ஆண் நாய்களெல்லாம் தெருவுக்கு வந்து சேர்ந்தன. மேஸ்திரிக்கு அதுவரை இல்லாத வேலை வந்துவிட்டது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கித் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சண்டை போட்டுக்கொண்டே ஓடியது. எதிரே பால்காரன் முருகேஷ் மொபெட்டில் வந்தான். கேன் ஒரு பக்கம், முருகேஷ் ஒரு பக்கம். கை முறிந்துவிட்டது. சண்டை போட்ட அத்தனை நாய்களும் உடனே சமாதானமாகி, தெருவில் ஓடிய பாலைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று நக்கின.

அன்று சாயங்காலமே பச்சியப்பன் கடைக்கு வந்தான். சிமெண்டுக் கடை வைத்திருப்பவன். அவன் சொன்னால் தெரு தலையாட்டும். ஆட்டாதவர்களுக்கும் ஒருநாள் சிமெண்டு தேவைப்படுமே. மாதவராஜுக்கு மச்சான் முறை, அதனால் தீர்த்தம்மாளுக்கு அண்ணன்.

"தங்கச்சி, நல்லதனமா சொல்றேன். இன்னொரு தபா எவனாச்சும் வுழுந்தான்னா பொறை ரொட்டியில மருந்து தடவி வெச்சிருவேன். மொதப் பொறை மேஸ்திரிக்குத்தான். அவந்தான் கும்பலுக்கு லீடரு."

"உங்க டைகர் மட்டும் யோக்கியங்களாண்ணா?"

"டைகர் சங்கிலியில கெடக்குது."

"சங்கிலி கொஞ்சம் நீளம்ங்கண்ணா. செவலை போட்ட குட்டி அத்தினிக்கும் முன்னங்கால்ல வெள்ளை சாக்ஸ். உங்க டைகருக்கும் அதே சாக்ஸ். ஒரே கடையில எடுத்தது போல."

பச்சியப்பன் சிரிக்கவில்லை. "வெளையாட்டு பேசாத. நான் சொன்னா செய்யறவன்."

செய்கிறவன்தான். போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு காலைப்பொழுது நாய்கள் வரிசையாகக் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். வாயில் நுரையோடு. அதில் ஒன்று கண் திறக்காத குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே செத்திருந்தது.

டாக்டர் வஹிதா கடைக்கு வந்தது அந்த வாரத்தில்தான். தர்மபுரிக்காரி, சின்ன வயசு, கால்நடை டாக்டர். நாய்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்கிற ஒரு வேன் அரூருக்கு வந்திருந்தது. சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய கூடத்தில் முகாம். வஹிதா நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு மேலும் இரண்டு கேட்டாள். தீர்த்தம்மாளுக்கு அவள்மேல் அந்தக் கணமே நம்பிக்கை வந்துவிட்டது. இத்தனை பொறுமை உள்ளவள் நாய்க்குத் தீங்கு செய்ய மாட்டாள்.

"பொட்டைக்குப் பண்ணிட்டா குட்டி இல்ல, அதோட முடிஞ்சுது. ஆணுக்கும் பண்ணிட்டா இந்தக் கூட்டம் சேர்ந்து ஓடறது, கடிச்சுக்கறது எல்லாம் கொறையும்க்கா. உடனே தெரியாது, கொஞ்ச நாள் ஆவும். வெறிநாய் ஊசியும் சேர்த்தே போட்டுடறோம்" என்றாள் வஹிதா.

"காவல் காக்குமா டாக்டரம்மா?"

"குரைக்கறது தொண்டையிலக்கா. நாங்க தொண்டையில கை வைக்கிறதில்ல."

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே மாதவராஜிடம் சொன்னாள். செவலை வரைக்கும் அவன் தலையாட்டினான். மேஸ்திரி என்றதும் கை சோற்றில் நின்றுவிட்டது.

"பொட்டைக்குப் பண்றது நாயம். அவனுக்கு எதுக்குப் புள்ள? அவன் ஆம்பளை!"

"செவலை என்னா, தனியாவா புள்ளை பெத்துக்குச்சு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் என் கவுரவம். அறுத்துவுட்டுட்டு நான் எப்படித் தெருவுல நடக்கறது?"

"அறுக்கறது அவனுக்குத்தானங்க. நீங்க எப்பவும் போல நடங்க."

"கம்முனு சோத்தப் போடு."

அவள் கம்மென்று போட்டாள். போடும்போது மூலையில் இருந்த நீல பிளாஸ்டிக் பக்கெட்டை ஒரு பார்வை பார்த்தாள். அவனும் பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தப் பக்கெட்டின் கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது மகள் கலைமதி கைக்குழந்தையாக இருந்த காலம். தீர்த்தம்மாளுக்கு உடம்பில் ரத்தம் போதாது, ஆபரேஷனை நீயே செய்துகொள் என்று நர்ஸ் மாதவராஜிடம் சொன்னாள். அவனும் மீசையை முறுக்கிக்கொண்டு முகாமுக்குப் போனான். இதே பழைய கூடம்தான். கண் முகாமோ கருத்தடை முகாமோ, எது வந்தாலும் அங்கேதான். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பக்கெட். அதை முதலிலேயே கொடுத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிடும்போது மாதவராஜ் பின்பக்கச் சுவரின் மேல் இருந்தான். அடுத்து கூப்பிடும்போது சுவருக்கு அந்தப் பக்கம், சீமைக் கருவேலம் புதருக்குள் இருந்தான். வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் முள், கையில் பக்கெட்.

பிறகு மாதக்கணக்கில் டானிக் குடித்துத் தேறி, தீர்த்தம்மாள்தான் போய்ப் படுத்தாள். அவளுக்குப் பக்கெட் கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஒன்றுதானாம்.

பக்கெட் இன்னும் உடையவில்லை. மேஸ்திரிக்குத் தண்ணீர் வைப்பது அதில்தான்.

மாதவராஜ் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய மறுநாளே செவலையை வேன்காரர்கள் வலை போட்டுப் பிடித்துப் போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை தீர்த்தம்மாள் கடையைப் பாதியில் மூடினாள். முந்தின இரவு மேஸ்திரிக்குச் சோறு வைக்கக் கூடாது என்று வஹிதா சொல்லியிருந்தாள். பட்டினி கிடந்த மேஸ்திரி, குடல் குழம்பு வாசனை அடிக்கிற அவள் முந்தானைக்குப் பின்னால் சந்தைத் திடல்வரைக்கும் கயிறு இல்லாமலே நடந்து வந்தது. கூடத்தின் வாசலில் மட்டும் நின்று அவளை நிமிர்ந்து பார்த்தது.

"என்னியப் பாக்காத. எனக்கும் இங்கதான்டா பண்ணாங்க. நான் செத்தா போயிட்டேன்?" என்றாள்.

"வூட்ல எல்லாருக்கும் சம்மதம்தானேக்கா?" என்று கேட்டாள் வஹிதா.

"எனக்கு சம்மதம். சோறு போடறது நான். அவரு கூட்டிக்கிட்டு நடக்கறதோட சரி."

"வந்து சண்டை போட்டா?"

"போடட்டும் டாக்டரம்மா. நாயி உசுரோட இருந்தாத்தான அதுக்கோசரம் சண்டை போட முடியும்?"

சாயங்காலம் மேஸ்திரி போதை தெளியாத கண்களோடு வெளியே வந்தது. இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. ஆபரேஷன் ஆன நாய் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கு, மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிவிடுவார்களாம். அப்போதுதான் அடுத்த முறை யாரும் தவறிப்போய்ப் பிடித்து மறுபடி வயிற்றைக் கீற மாட்டார்கள். அந்த வெட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தீர்த்தம்மாளுக்குத் தோன்றியது. யோசிப்பதற்குள் மேஸ்திரி அவள் காலில் வாந்தி எடுத்தது. யோசனையும் அதோடு போயிற்று. செவலை தெரு நாய் என்பதால் தையல் ஆறும்வரை அவர்கள் கொட்டகையிலேயே வைத்திருந்து கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மாதவராஜ் வந்தான். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அவள் மூன்று நாளாகப் பாடம் பண்ணி வைத்திருந்தாள். முதல் வரியே 'நீங்க கத்தறதுக்கு முன்னாடி' என்று தொடங்கும்.

அவன் கத்தவில்லை. மேஸ்திரியின் காதைப் பார்த்தவன் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏ புள்ள... என்னிக்கு வெட்டுன இதை?"

"செவ்வாக்கெழமை. ஆனா நீங்க கத்தறதுக்கு..."

"செவ்வாக்கெழமை!" அவன் மேஸ்திரியின் காதைத் தொட்டான். "கர்னூல் தாண்டி எறக்கத்துல பிரேக்கு புடிக்கல புள்ள. எதுக்க ஒரு பஸ்ஸு. ஸ்டீரிங்க ஒடிச்சேன். மண்ணு மேட்டுல போய் மோதி நின்னுச்சு. எனக்கு ஒரு கீறல் இல்ல. நீ பயந்துக்குவேன்னு போன்லகூட சொல்லல. செவ்வாக்கெழமை காத்தால. உனக்கு எப்பிடிப் புள்ள தெரிஞ்சுது?"

அப்போதுதான் அவளுக்கு அந்த வெட்டை எங்கே பார்த்தோம் என்பது உறைத்தது. ஏரிக்கரை முனியப்பனுக்குக் கிடா நேர்ந்துவிடுகிறவர்கள் அதன் காது நுனியில் இப்படித்தான் வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது சாமி சொத்து. எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். முனியப்பன் சிலையின் காலடியில் மண்ணால் செய்த நாய் ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது. கிடாயை நேர்ந்துவிடுகிறவர்கள் ஊரெல்லாம் உண்டு, தன் மனைவி தனக்காக நாயையே நேர்ந்துவிட்டிருக்கிறாள் என்று அவன் நினைத்துவிட்டான்.

"ஏங்க, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

ஆனால் மாதவராஜ் அழுதுகொண்டிருந்தான். மகள்கள் கல்யாணத்திலே அழாதவன், மேஸ்திரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். தீர்த்தம்மாள் பாடம் பண்ணியதை விழுங்கிக்கொண்டாள். அழுகிற ஆம்பளையிடம் இதை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு என்றால் சனிக்கிழமை, நல்ல நாள் இல்லை. ஆக ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமைக்குள் மேஸ்திரி சாமி ஆகிவிட்டது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. காதைப் பார்த்துக் கும்பிட்ட ஒருவரும் வாலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. பக்தி வந்துவிட்டால் மனிதனுக்குப் பார்வை மேல்நோக்கித்தான் போகும். முருகேஷ் கட்டுப் போட்ட கையோடு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான், நாயிடம். பச்சியப்பன்கூட ஒரு பொறை கொண்டுவந்தான். மருந்து இல்லை என்று காட்டுவதற்காகப் பாதியைத் தானே கடித்துத் தின்றுவிட்டு மீதியை மேஸ்திரிக்கு நீட்டினான்.

'என்னா கொறைஞ்சு போச்சு?' என்று தீர்த்தம்மாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். நாய் பிழைத்தது. புருஷன் சந்தோஷமாக இருக்கிறான். தான் பத்தினி என்று தெருவில் பேச்சு வேறு. அந்தப் பட்டத்துக்கு இத்தனை வருஷம் இட்லி சுட்டும் யாரும் அவளைப் பரிசீலித்ததில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் குழம்பை இறக்கும்போது ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு குட்டி நாயின் அலறல் கேட்டது. நாய் அடிபடுகிற சத்தம் அவளுக்குத் தெரியும், பசிக்கிற சத்தம் தெரியும். இது வேறு. கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள்.

முனியப்பன் முன்னால் பாதித் தெரு நின்றது. பச்சியப்பன் கையில் சவரபிளேடு. அவன் மகன் புதுசாக டிப்பர் லாரி எடுத்திருந்தான். மாதவராஜின் லாரியைக் காத்த சாமி டிப்பரையும் காக்க வேண்டாமா? செவலையின் போன ஈட்டில் தப்பிப் பிழைத்த ஒரே குட்டியை, வெள்ளை சாக்ஸ் போட்டதை, முதலில் பிடித்திருந்தார்கள். அதன் காது நுனியிலிருந்து ரத்தம் ஒழுகியது. குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மாதவராஜ். பூசாரி மாதிரி முகம் வைத்திருந்தான். பின்னால் இன்னும் சிலர் ஆளுக்கொரு நாயோடு காத்திருந்தார்கள். டைகரும் சங்கிலியோடு நின்றது.

"வுடுங்க அதை!"

"சாமி காரியம் தங்கச்சி. கரண்டியோட வராத" என்றான் பச்சியப்பன்.

"சாமி காரியம் இல்லீங்கண்ணா. முனியப்பனுக்கும் அந்தக் காதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது டாக்டரம்மா வெட்டுனது. ஆபரேஷன் ஆன நாய்க்கு அடையாளம்."

"என்னா ஆபரேஷன்?" என்றான் மாதவராஜ்.

தீர்த்தம்மாள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க செவுரு ஏறிக் குதிச்ச ஆபரேஷன்."

குட்டி முனகியது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அதைத் தொட்டு இன்னொன்று. "மேஸ்திரிக்குப் பக்கெட் குடுத்தாங்களாக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டமே குலுங்கியது. மாதவராஜின் முகம் குட்டியின் காதைவிடச் சிவந்துபோயிற்று.

"நெசமா புள்ள?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அப்ப நீ எனக்காக நேந்துக்கல?"

"இல்லீங்க. உங்க பிரேக்கு போனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நேந்துக்கிட்டிருப்பேன். ஆனா நாயை இல்ல. என் காதை நானே வெட்டிக்கிட்டிருப்பேன்." குட்டியை அவன் கையிலிருந்து வாங்கி முந்தானையில் சுற்றினாள். காதை அழுத்திப் பிடித்தாள். "இன்னிக்கு சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க அழுதீங்க, நான் பயந்துட்டேன். அதுக்கு இது ரத்தம் சிந்துது."

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன்மேல் அல்ல.

"என் வூட்டுக்காரரைப் பாத்துச் சிரிக்கிறவங்க எல்லாம் இப்பிடி முன்னாடி வாங்க. இந்தத் தெருவுல கு.க. ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பொம்பளைங்க கையத் தூக்குங்க பாக்கலாம்."

யாரும் தூக்கவில்லை. பிறகு பச்சியப்பன் மனைவி பானுமதி தூக்கினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு வளையல் சத்தத்தோடு ஒவ்வொன்றாகக் கைகள் எழும்பின. தீர்த்தம்மாளும் தன் கையை உயர்த்தினாள், கரண்டியோடு.

"சரி. ஆம்பளைங்க தூக்குங்க."

ஆண்கள் ஏரியைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் தூக்கியிருந்த கை ஒன்றே ஒன்றுதான். அது முனியப்பனுடையது. அதில் அரிவாள் இருந்தது.

"பாத்துக்குங்க. வூட்லயும் நாங்கதான் படுக்கணும், தெருவுல செவலைதான் படுக்கணும். உங்கள்ல ஒருத்தரு ஓடினாரு, அது ஊருக்கே தெரியும். மீதிப்பேரு ஓடக்கூட இல்ல, அந்தப் பக்கமே வரல. ஓடினவரைப் பாத்து நீங்க சிரிக்கிறீங்களா?"

"எங்கூட்டுக்காரரு மூட்டை தூக்கணும், ஒடம்பு தாங்காதுன்னாரு" என்றாள் பானுமதி. "மூட்டை தூக்கறது கூலியாளு."

"ஏய், நீ வூட்டுக்குப் போ!" என்றான் பச்சியப்பன். அவள் போகவில்லை. அவன் தீர்த்தம்மாள் பக்கம் திரும்பினான். "நல்லாப் பேசற தங்கச்சி. ஆனா மேஸ்திரி சாமி நாய் இல்லன்னு உன் வாயாலயே சொல்லிட்ட. அப்ப நான் மொத சொன்னது அப்பிடியேதான் இருக்குது. பொறை என்கிட்ட இருக்குது."

அவன் சொல்வது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று வார்த்தையில் நாயின் உயிரைத் திரும்பவும் தெருவில் வைத்துவிட்டாள். ஆனால் கரண்டி பிடித்த கை இறங்கவில்லை.

"வெய்ங்கண்ணா. என் கடை வாசல்ல வெய்ங்க. நான் ஒரு வாய் தின்னுட்டுத்தான் அதுக்குக் குடுப்பேன். என் இட்லியவே இத்தினி வருசமா செரிச்ச ஒடம்பு இது. உங்க மருந்தெல்லாம் எம்மாத்திரம்? ஆனா ஒண்ணு. வேன் மறுபடி வருது. உங்க டைகரையும் கொண்டாங்க. அதுக்கப்புறமும் தெருவுல எவனாச்சும் வுழுந்தா, அப்ப வந்து பேசுங்க."

மேஸ்திரி மாலையோடு வந்து அவளுக்கும் பச்சியப்பனுக்கும் நடுவில் உட்கார்ந்தது. தையல் இருந்த இடத்தை எல்லாருக்கும் முன்னால் நிதானமாக நக்கிக்கொண்டது. அப்போதுதான் தெரு முதல்முறையாகக் குனிந்து பார்த்தது.

அதற்குப் பிறகு மாதவராஜ் அவளோடு பேசவில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு" என்று சுவரிடம் சொல்லுவான். அவளும் சுவருக்குப் பரிமாறுவதுபோலத் தட்டை வைப்பாள், குடல் குழம்பு இல்லாமல் வெறும் சாம்பாரோடு. பச்சியப்பன் அவள் கடை வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பொறை ஏதும் கீழே கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்ததும் முதல் வேலை, மேஸ்திரி மூச்சு விடுகிறதா என்று பார்ப்பது. செவலையை வேன் கொண்டுவந்து விட்டது. அதே காது, அதே வெட்டு. மாதவராஜ் இரண்டு காதுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

பங்குனி கடைசியில் ஏரிக்கரைப் பக்கத்துப் பெட்டை ஒன்று தெருவுக்குள் வந்தது. பின்னாலேயே ஆண்கள் கூட்டம். முன்னால் டைகர், அறுத்துக்கொண்ட சங்கிலியோடு. அதே நேரம் பார்த்து எதிர்முனையில் முருகேஷின் மொபெட். கட்டுப் பிரித்து அன்றைக்குத்தான் வண்டி எடுத்திருந்தான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பச்சியப்பனும் தன் கடைப்படியில் வந்து நின்றான். தீர்த்தம்மாளின் கையில் இட்லித் தட்டு அப்படியே நின்றது.

மேஸ்திரி தலையைத் தூக்கியது. மூக்கை நீட்டிக் காற்றை மோந்தது. கூட்டத்தை ஒரு முறை மேற்பார்வை பார்த்தது. பிறகு தலையை முன்னங்கால்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

முருகேஷை விழத்தட்டியது டைகர். இந்த முறை கை பிழைத்தது, பால் பிழைக்கவில்லை. எழுந்தவன் தீர்த்தம்மாள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சிமெண்டுக் கடையைப் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத இரண்டு வார்த்தை சொன்னான்.

அந்தக் களேபரத்தில் சைக்கிளில் வந்த பழைய பேப்பர்க்காரன் ஒருவன் மாதவராஜ் வீட்டு வாசல்பக்கம் ஒதுங்கினான். மேஸ்திரி எழுந்து நின்று ஒரு குரல் கொடுத்தது. பேப்பர்க்காரன் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான்.

மாதவராஜ் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"கொரலு அப்பிடியேதான் புள்ள இருக்குது."

"தொண்டையில கை வெக்கலைங்க" என்றாள் தீர்த்தம்மாள். தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள், சாம்பாருக்குப் பதில் குடல் குழம்பை ஊற்றி.

வேன் அடுத்து வந்த நாள், மாதவராஜ் யாரிடமும் சொல்லாமல் தெரிந்தவனுடைய மினி லாரியைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தினான். மீதி நாய்களைப் பின்னால் ஏற்றினான். முன்சீட்டில், ஜன்னலுக்கு வெளியே வெட்டுக் காது தெரிகிறமாதிரி மேஸ்திரி. தீர்த்தம்மாளின் மடியில் நீல பக்கெட். அதற்குள் காது ஆறிப்போன சாக்ஸ் குட்டி. அதற்கு ஆபரேஷனுக்கு வயசு ஆகவில்லை, ஊசிக்கு மட்டும். வழியில் எவனோ "என்னா மாதவராஜு, ஊர்வலமா?" என்று கேட்டான். "ஆமாண்டா, என் கவுரவம் முன்சீட்டுல ஒக்காந்திருக்குது, கும்புட்டுக்க" என்றான் மாதவராஜ்.

கூடத்து வாசலில் டைகரோடு பச்சியப்பன் வரிசையில் நின்றான். பானுமதி கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். முருகேஷின் வாய்க்குப் பயந்தும் இருக்கலாம். வஹிதா உள்ளேயிருந்து வந்து டைகரின் பெயரைக் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் வரிசையில் பச்சியப்பன் நின்ற இடம் காலி.

பின்பக்கச் சுவர் அருகில், டைகரை முதலில் ஏற்றுவதா தான் முதலில் ஏறுவதா என்று தெரியாமல் பச்சியப்பன் திணறிக்கொண்டிருந்தான். ஒரு கால் ஏற்கனவே சுவரின் மேல்.

மாதவராஜ் அவசரப்படவில்லை. மனைவியிடமிருந்து பக்கெட்டை வாங்கினான். குட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான். பிறகு மேஸ்திரி பின்தொடர, அந்தப் பழைய நடை நடந்து சுவரண்டை போய் நின்றான்.

"மச்சான், அந்தாண்ட முள்ளு. நான் எறங்கிப் பாத்தவன், சொல்றேன்" என்று பக்கெட்டை நீட்டினான். "வேணும்னா இத எடுத்துக்கிட்டு ஓடு. டைகரை வுட்டுட்டுப் போ."